மூன்று வாளி மணல்

நீல்வார்ட் என்பது ரைன் நதிக்கரையில், ஒல்லாந்து என்று நாங்கள் சொல்லும் நெதர்லாந்தின் எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் நானூறு பேர் ஊர். அங்கே பார்க்க நான்கு இடங்கள் உண்டு. இறக்கை இல்லாத காற்றாலை, தேவாலயம், வெள்ளக் கதவு, சுங்க வீடு. நான்கின் பூட்டுக்கான திறப்புகளும் புஸ்பவதியின் கைப்பைக்குள் ஒரே கோர்வையாகக் கிடக்கும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த அறுபது வயதுப் பெண்ணிடம் ஒரு ஜெர்மன் கிராமத்தின் திறப்பெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார். கூட்டித் துடைக்கிற ஆளிடம் திறப்பு இருக்கத்தானே வேண்டும் என்பார்.

அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், அந்த ஊரின் கதையை அந்த ஊர்க்காரரைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் அவர். ஞாயிறு இரண்டு மணிக்குச் சுற்றிப்பார்க்க வருபவர்களைத் தேவாலயத்தின் தெற்குச் சுவரில் நிறுத்தித் தொடங்குவார். சுவரில் வெள்ளக் கோடுகள் இருக்கின்றன. 1784, 1809, 1926. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு உளி வெட்டு. பிறகு, சேற்றை வடித்து இந்த ஊரை உண்டாக்கிய ஒல்லாந்துக் குடிகளைப் பற்றிச் சொல்வார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பதினான்கு வருடம் ஊர் திரும்பவும் ஒல்லாந்தின் கையில் இருந்ததையும், அந்தக் காலத்து வெண்ணெய்க் கடத்தலையும் சொல்வார். "யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கோட்டை கட்டியவர்களும் ஒல்லாந்தர். அவர்களிடமிருந்து எனக்கு விடுதலையே இல்லை" என்று ஜெர்மனில் அவர் சொல்லும்போது கூட்டம் சிரிக்கும். நான் ஆறு தரம் கேட்டிருக்கிறேன். ஆறு தரமும் அதே இடத்தில் சிரித்தார்கள்.

கடைசியாகச் சுங்க வீடு. வெள்ளம் தடுக்கக் கட்டிய மண் அணையின் காலடியில், அணைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நிற்கும் செங்கல் வீடு. எண்பத்தாறில் அதை அகதி விடுதி ஆக்கினார்கள். இலங்கைப் போருக்குத் தப்பி, கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்த எங்களில் இருபத்துமூன்று பேரை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் நானும் ஒருவன். புஸ்பவதியும் அவருடைய கணவர் கணேசலிங்கமும் அப்போதுதான் கல்யாணமான சோடி.

மேல்மாடிச் சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லை. வியாழக்கிழமைகளில் நகரத்திலிருந்து ஒரு அதிகாரி வருவார். அவர் கண்ணில் ஒரு துளி அழுக்குப் பட்டாலும் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். விடியற்காலையே எழும்பிக் கூட்டித் துடைத்து, குப்பையை ஒளித்து வைத்துவிட்டு, வரிசையாக நிற்போம். மற்ற நாட்களில் நிலவறைக்குள் போய் இருப்போம். எங்கள் வாயில் அது கெல்லர். கொதிகலன் அங்கேதான் இருந்ததால் அது ஒன்றுதான் வீட்டில் சூடான இடம். அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் கணேசலிங்கம் அடுப்புக்கரியை எடுத்து, சுண்ணாம்பு அடித்த சுவரில் தன் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதினான். பிறகு எல்லோரும் எழுதினோம். நான் நெட்டையன். எல்லோருக்கும் மேலே என் பெயர் இருக்கவேண்டும் என்ற கொழுப்பில், எட்டி, கூரைக்குக் கீழே எழுதினேன்.

மூன்று வருடத்தில் விடுதி கலைந்தது. நான் வுப்பர்டால் நகரத்துக்குப் போய் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் முப்பது வருடத்தைக் கழித்தேன். கணேசலிங்கத்துக்கு நீல்வார்ட்டுக்குப் பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை கிடைத்ததால் அவர்கள் அங்கேயே தங்கினார்கள். சுங்க வீட்டை ஊர்ச்சபை அருங்காட்சியகம் ஆக்கியபோது துப்புரவு வேலைக்குப் புஸ்பவதியைச் சேர்த்தார்கள். துடைத்துத் துடைத்தே அவர் எல்லாவற்றையும் படித்தார். கணேசலிங்கம் ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போனான். அவனுடைய கையெழுத்தில் புஸ்பவதியிடம் இருப்பவை இரண்டு படிவங்களும், நிலவறைச் சுவரில் அந்த ஒரு வரியும்தான். எழுத்து வேலை என்றாலே அவன் ஓடி ஒளிபவன்.

போன வருடம் ஊர்ச்சபை சுங்க வீட்டை விற்கப் பார்த்தது. வாங்க வந்தவர் நிலவறையை உடைத்து மது அறை கட்டப்போவதாகச் சொன்னார். புஸ்பவதி சும்மா இருக்கவில்லை. அந்தச் சுவரைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார். எட்டு மாதம் கடிதம் மேல் கடிதம். கடைசியில் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு, நிபுணர்கள் இருவர் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. அவர்கள் சரி என்று சொன்னால் சுவரை யாரும் தொட முடியாது. இல்லை என்று சொன்னால் அடுத்த மாதமே வீடு கைமாறும். சாட்சி சொல்ல என்னை வரச்சொன்னார்.

அந்த வாரம் பார்த்து ரைன் பொங்கியது.

மேற்கே மழை, மலையில் பனி உருகியது, எல்லாம் சேர்ந்து வந்தது. வெள்ளக் கதவைப் பலகை போட்டு அடைத்தார்கள். ஆள் மாற்றி ஆள் அணையின் மேல் நடந்து காவல் காத்தார்கள். சுங்க வீட்டின் நிலவறை அவர்களுடைய பட்டியலில் இருந்தது. காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் இரண்டு பேர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். பெரிய வெள்ளம் வந்தால் அந்த நிலவறையில் தண்ணீர் கசிவது வழக்கம்தான். புஸ்பவதிக்குப் பயம் வெள்ளத்தில் இல்லை, ஈரம் சுவரில் ஏறிவிடுமோ என்பதில் இருந்தது. தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு சின்னப் பம்பை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் யோக்கியனாகிவிடுவேன்.

வியாழன் மதியம் நான் திரும்பவும் போய் இறங்கியபோது அணையின் மேல் ஏறிப் பார்த்தேன். அந்தப் பக்கம் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மண்ணிறமாக, சத்தமே இல்லாமல், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு போனது. இந்தப் பக்கம் குனிந்து பார்த்தால் வீட்டுக் கூரைகள். தண்ணீர் மேலே, வீடு கீழே. வேகமாக இறங்கிச் சுங்க வீட்டுக்கு வந்தேன்.

புஸ்பவதி சமையலறையில் தேத்தண்ணி போட்டார். நிலவறையைக் காட்டினார். தரை பளிச்சென்று இருந்தது. ஒரு மூலையில் மட்டும் தும்புக் கால்மிதி ஒன்று விரித்திருந்தது. சுவரில் பெயர்கள் அப்படியே இருந்தன.

"நல்லாத்தான் வச்சிருக்கிறீர்" என்றேன்.

"நாளைக்கு வாறவை ஒரு குறையும் சொல்லக்கூடாது அண்ணை. காவல்காரர் வரமுந்தியே கூட்டித் துடைச்சுப்போடுவன். பம்பையும் அலுமாரிக்குள்ள தூக்கி வச்சிடுவன்."

திரும்ப மேலே வந்து மேசையில் இருந்தோம். தேத்தண்ணித் தட்டுக்குக் கீழே ஒரு தாள் விரித்திருந்தது. அணைக் காவலர்கள் வீடு வீடாகக் கொடுத்த அறிவிப்பு. கிளாஸ் வைத்த வட்டங்கள் அதன்மேல் காய்ந்து கிடந்தன. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, எதையாவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

"தெளிஞ்ச தண்ணி கசிஞ்சால் பயமில்லையாம். மணலோ களிமண்ணோ சேர்ந்து வந்தால் உடனை அறிவிக்கட்டாம். அணைக்குள்ள இருக்கிற மண் கரைஞ்சு வருகுதெண்டு அர்த்தமாம். கெல்லரிலை தண்ணி வந்தால் பம்ப் போட்டு இறைக்கக் கூடாதாம், இறைச்சால் மண் இன்னும் இழுபட்டு வருமாம்..."

நான் வாங்கிக் கொடுத்த பம்ப் நினைவுக்கு வர, அதோடு நிறுத்தினேன். புஸ்பவதி கிளாஸைக் கீழே வைத்தார்.

"அண்ணை, மணல் எண்டால் எவ்வளவு மணல்?"

"ஏன் கேக்கிறீர்?"

புஸ்பவதி எழும்பிப் போய்ப் பின்படிக்குக் கீழேயிருந்து மூன்று வாளிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தார். சிவப்பு வாளியில் நாலு விரல் உயரத்துக்கு மணல். நீல வாளியில் அரைவாசி. பச்சை வாளி விளிம்புவரை நிறைந்து, இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

"செவ்வாய், புதன், இண்டைக்குக் காலமை" என்றார். "படியிலை பனி உறைஞ்சால் தூவலாம் எண்டு எடுத்து வச்சனான். எறும்புப் புத்து மாதிரிக் குவிஞ்சு கிடந்தது அண்ணை. அசிங்கமாக் கிடக்கெண்டு கூட்டி அள்ளிப்போட்டு, அந்த ஓட்டைக்கு மேல கால்மிதியைப் போட்டன்."

நான் நிலவறைக்கு ஓடினேன். கால்மிதியைத் தூக்கினேன். இரண்டு செங்கல்லுக்கு நடுவே தண்ணீர் கொப்பளித்தது. காலையில் கூட்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாக மணல் குவிந்திருந்தது. தண்ணீர் தெளிவாக இல்லை.

இதுதான் எங்களுடைய பிழை. வேறு யாரும் செய்யமாட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் வீட்டு நிலவறையில் மணல் வந்திருந்தால் அப்படியே விட்டுவிட்டுக் காவல்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். நாங்கள் அதிகாரி வருமுன் கூட்டிப் பழகியவர்கள். நாற்பது வருடம் போயும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. மூன்று நாளாகக் காவலர்கள் வந்து, புஸ்பவதி துடைத்து வைத்த தரையைப் பார்த்து, "தெளிவு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேலே வந்தபோது மணி இரண்டரை. புஸ்பவதி தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தார். அடுத்து நான் சொன்னதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

"பொறும். நாளைக்குப் பத்து மணிக்கு அவை வருகினம். இப்பச் சொன்னால் கெல்லரைப் பூட்டிப்போடுவினம். எட்டு மாசப் பாடு வீண். அவை பார்த்துப் போனபிறகு, நாளைக்கு மத்தியானம் சொல்லுவம்."

"அதுக்குள்ள அணை உடைஞ்சால்?"

"நூறு வருசமா நிக்கிற அணை, ஒரு நாளிலை உடையுமே? பம்பை நிப்பாட்டுவம். அது போதும்."

"மூண்டு வாளியையும் பாத்தனீங்கள்தானே அண்ணை. நாளைக்கு எவ்வளவு வரும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

கணக்கு எனக்குத் தெரியும். பேச்சை மாற்றினேன்.

"உம்மைத்தான் குற்றம் சொல்லுவினம்" என்றேன். "இத்தினை வருசம் எங்களோட இருந்தவள் எங்களையே தண்ணியிலை தாழ்க்கப் பாத்தாள் எண்டு சொல்லுவினம். திறப்பைப் பறிப்பினம். பம்ப் ஆர் குடுத்தது எண்டும் கேப்பினம்." கடைசி வாக்கியம்தான் என் உள்ளே இருந்தது. அது வெளியே வந்ததும் எனக்கே நாறியது.

புஸ்பவதி கோபப்படக்கூட இல்லை. "அவை என்னை நம்பித் திறப்புத் தந்தவை அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டு எண்ணை அழுத்தினார்.

அணைக் காவலின் தலைவர் பெயர் டெர்ஹோர்ஸ்ட். மாட்டுப் பண்ணைக்காரர், ஊர்ச்சபையில் இருப்பவர், ஆறடி மனிதர், ஊரில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எட்டு நிமிடத்தில் வந்து சேர்ந்தார். நேரே நிலவறைக்குப் போய், மண்டியிட்டு, கொப்பளிக்கும் இடத்தில் கையை வைத்தார்.

"இது எப்போது தொடங்கியது?"

"செவ்வாய் காலை" என்றார் புஸ்பவதி.

"செவ்வாய்? என் ஆட்கள் தெளிவு என்று எழுதியிருக்கிறார்கள்."

"நான் அவர்கள் வருமுன் கூட்டிவிட்டேன். தண்ணீரையும் பம்ப் வைத்து இறைத்தேன். மூன்று நாளும்." கீழே இறக்கி வைத்திருந்த வாளிகளைக் காட்டினார். "மணல் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். நாள் நாளாக."

டெர்ஹோர்ஸ்ட் வாளிகளைப் பார்த்தார். பச்சை வாளிக்குள் கையை விட்டுக் கிளறி ஒரு சாம்பல் நிறக் களிக்கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார்.

"இது தோட்டத்து மணல் இல்லை. அணையின் வயிற்றுக்குள் இருக்கும் களி" என்றார். பிறகு தொலைபேசியில் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். ஊரின் கீழ்த்தெருவில் இருப்பவர்களை வெளியே எடுக்கச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லையும் நான் நின்று கேட்டேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுப் புஸ்பவதியிடம் திரும்பினார். "இந்த ஓட்டையை அடைக்க முடியாது. அடைத்தால் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அந்தப் பக்கத் தண்ணீரை இந்தப் பக்கத் தண்ணீரால்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிலவறையை நிரப்பப் போகிறோம்."

"எவ்வளவு உயரத்துக்கு?"

அவர் படிகளை எண்ணினார். "மேலிருந்து மூன்றாவது படிவரை."

புஸ்பவதி சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கணேசலிங்கத்தின் வரி என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. மூன்றாவது படி அதற்கு மேலே நெடுந்தூரம்.

"ஒரு மணித்தியாலம் தாருங்கள்" என்று நான் ஜெர்மனில் கத்தினேன். "நாளைக்கு இதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஒழுங்காகப் படமாவது எடுக்க விடுங்கள். விளக்கு வேண்டும், இந்த வெளிச்சத்தில் ஒன்றும் விழாது."

டெர்ஹோர்ஸ்ட் புஸ்பவதியைப் பார்த்தார். வெளியே தீயணைப்பு வண்டி வந்து நின்றது. ஆட்கள் குறைவு, மற்றவர்கள் கீழ்த்தெருவில் வீடு வீடாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் நிலவறையின் சின்ன ஜன்னலை உடைத்துக் குழாயை உள்ளே தள்ளி, "யாராவது இதைப் பிடியுங்கள்!" என்று கூவினாள்.

புஸ்பவதி போய்ப் பிடித்தார். குழாய் முறுக்கிக்கொண்டு அவரைச் சுவரோடு தள்ளியது. நான் தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்த்தேன்.

"அண்ணை, அதை வையுங்கோ. வந்து குழாயைப் பிடியுங்கோ, என்னால தனிய ஏலாது."

போய்ப் பிடித்தேன். கணுக்கால், முழங்கால், தொடை என்று தண்ணீர் ஏறியது. தை மாதத்துத் தண்ணீர், எலும்பைக் கடித்தது. படியில் பின்னேறிப் பின்னேறி நின்று பிடித்தோம். கீழ் வரிசைப் பெயர்கள் முதலில் போயின. அவர்களில் ஏழு பேர் இப்போது உயிரோடு இல்லை. தண்ணீர் கணேசலிங்கத்தின் வரியைத் தொட்டபோது புஸ்பவதி வாய்விட்டு அழுதார். குழாயை மட்டும் விடவில்லை. கரி கரைந்து ஒரு கறுத்த நூலாகத் தண்ணீரில் ஓடியது. நானும் அழுதேன். எனக்கு அழ உரிமை குறைவு என்பது அப்போதே தெரிந்தது.

நாலு மணிக்குத் தண்ணீர் மூன்றாவது படியில் நின்றது. டெர்ஹோர்ஸ்ட் டார்ச்சை நீருக்குள் அடித்துப் படியில் குந்தியிருந்தார். கலங்கல் மெல்ல மெல்ல அடங்கியது. ஐந்தேகாலுக்குக் கொப்பளிப்பு நின்றது. அவர் எழும்பி, குறிப்பேட்டை எடுத்து, மூன்று நாளும் எழுதியிருந்த "தெளிவு" என்ற சொல்லை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். புஸ்பவதியின் பெயரையும் எழுதினார். எதற்கு எழுதினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

வெள்ளி பத்து மணிக்கு நிபுணர்கள் வந்தார்கள். நிலவறைப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். பார்வையிட ஒன்றும் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் விண்ணப்பம் தள்ளுபடி என்று கடிதம் வந்தது. காவலுக்கு வந்த இருவரில் ஒரு பெண் இன்றுவரை புஸ்பவதிக்கு வணக்கம் சொல்வதில்லை. அதில் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது.

தண்ணீர் வடிந்த அன்று புஸ்பவதி திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டுபோய் டெர்ஹோர்ஸ்டின் சமையலறை மேசையில் வைத்தார். அவர் ஒரு விரலால் தள்ளித் திருப்பிக் கொடுத்தார். "வெள்ளக் காலத்தில் மட்டும் காலை எட்டு மணிக்கு முன் கூட்டாதீர்கள்" என்றார். அவ்வளவுதான். வீடு வாங்க வந்தவர், வெள்ளம் புகுந்த நிலவறை வேண்டாம் என்று விலகிக்கொண்டார். சுங்க வீடு தற்போதைக்குத் தப்பியது. ஆனால் அது எந்தச் சுவருக்காகத் தப்ப வேண்டுமோ அந்தச் சுவர் வெறுஞ்சுவராகிவிட்டது. சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது.

முழுதாக வெறும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. எட்டி எழுதிய நெட்டையனுடையது.

சித்திரையில் ஒரு ஞாயிறு மறுபடி போனேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். தேவாலயச் சுவர், காற்றாலை, வெள்ளக் கதவு, ஒல்லாந்தர் பகிடி, எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதே இடத்தில் சிரித்தார்கள். நிலவறையில் புஸ்பவதி சுவரைக் காட்டினார். அங்கே புதிதாக ஒரு கோடு உளியால் வெட்டியிருந்தது. டெர்ஹோர்ஸ்ட் தானே வந்து வெட்டினாராம்.

"தேவாலயத்தில் பார்த்த கோடெல்லாம் ரைன் நதி போட்டது. இந்தக் கோட்டை நான் போட்டேன்" என்றார் புஸ்பவதி. "மூன்று நாள் மணலைக் கூட்டி ஒளித்து வைத்தேன். இந்த ஊரைத் தண்ணீருக்குக் கொடுக்கப் பார்த்தேன். பிறகு இதுவரை தண்ணீர் விட்டு நிரப்பினோம். இங்கே என் கணவருடைய பெயர் இருந்தது." கையை நெஞ்சு உயரத்தில் வெறும் சுவரில் வைத்தார். குரலில் ஒரு பிசிறும் இல்லை. எத்தனை ஞாயிறு சொல்லிச் சொல்லி அந்தக் குரலை அப்படி ஆக்கினாரோ தெரியாது.

கூட்டத்தில் ஒரு முதியவர் மேலே கையைக் காட்டினார். "அந்தப் பெயர் யாருடையது? அது எப்படித் தப்பியது?"

புஸ்பவதி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவர் இங்கேதான் நிற்கிறார். அவரிடமே கேளுங்கள்."

இருபது முகங்கள் திரும்பின. உயரமாக எழுதியதால் தப்பியது என்று சொல்லிவிட்டுச் சிரித்திருக்கலாம், அதுவும் பொய் இல்லை. புஸ்பவதியின் கை இன்னும் அந்த வெறும் சுவரிலேயே இருந்தது.

"என் பெயர் விஜயரத்தினம்" என்றேன். "பம்ப் நான் வாங்கிக் கொடுத்தது. காவலரிடம் சொல்லவேண்டாம் என்று இவரைத் தடுத்தவனும் நான்தான்."